அம்மாவின் கை எவ்வளவு உயரம் போனது

அன்புள்ள டாக்டர்,

இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா சன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இடுப்பைச் சுற்றி சார்ஜர் பெல்ட். தோலுக்கு அடியில் இருக்கும் பேட்டரியோடு அது சேர்ந்துகொண்டதும் சின்னதாக ஒரு சத்தம் வரும். இப்போதுதான் வந்தது. "சாப்பாடு போட்டாச்சு," என்றார் அம்மா, யாரிடமும் அல்லாமல். நீங்கள்தான் அதற்கு அந்தப் பெயர் வைத்தீர்கள். ஒவ்வொரு முறை கிளினிக்குக்கு வரும்போதும் "பேட்டரிக்குச் சாப்பாடு போட்டீங்களா? நீங்க பட்டினி கிடந்தாலும் அதைப் பட்டினி போடாதீங்க," என்பீர்கள்.

சமையலறையில் பாத்திரக் கூடையின் மேல் பித்தளைக் குடம் கவிழ்ந்து காய்கிறது. நேற்று முன்தினம் பங்குனி உத்திரம்.

நீங்கள் என்னிடம் ஒரு ரிப்போர்ட் கேட்டிருந்தீர்கள். கடைசியாக உங்களைப் பார்த்தபோது, கதவருகே என்னை நிறுத்தி, "அம்மா குடம் எடுக்கிற அன்னிக்கு நான் வருவேன். ஒருவேளை கேஸ் வந்து வர முடியலன்னா நீ பாத்து எழுதி அனுப்பு. கை எவ்ளோ உயரம் போச்சு, எங்க நின்னாங்க, வலி எங்க ஆரம்பிச்சது, எல்லாம். நீ புத்தகம் படிக்கிற பொண்ணு, எனக்குப் பயமா இருக்கு. கவிதை வேணாம். பாத்ததை எழுது," என்றீர்கள்.

நீங்கள் இறந்து சில மாதங்கள் ஆகின்றன. அதற்காக ரிப்போர்ட் தேவையில்லை என்று நான் நினைக்கவில்லை. கேட்டீர்கள், எழுதுகிறேன். ஆனால் நடுவில் எனக்குத் தோன்றுவதையும் எழுதுவேன். இந்த முறை நீங்கள் என் காகிதத்தைப் பிடுங்கி மடித்து வைக்க முடியாது.

முதன்முதலில் உங்களிடம் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது, படிவம் இரண்டில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அதற்கு முன்பே பல டாக்டர்களைப் பார்த்திருந்தார். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் பைகளின் வாயைச் சூட்டால் ஒட்டும் பிரிவில் அவருக்கு வேலை. ஒருநாள் அட்டைப் பெட்டியைத் தூக்கும்போது முதுகில் ஏதோ நழுவியது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். முதுகு சரியாகிவிட்டது என்று எக்ஸ்ரே படம் சொன்னது. வலி மட்டும் இடது காலில் தங்கிவிட்டது. படத்தில் தெரியாத வலியை யாரும் நம்பவில்லை.

அத்தையை, அதாவது அப்பாவின் அக்காவை, நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வார்: "படத்துல ஒன்னும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் என்ன வலி? எம்.சி. வலி லா, மெடிக்கல் லீவுக்கு வர்ற வலி. லீவு முடிஞ்சா அதுவும் முடிஞ்சிரும்." அம்மா அதைக் கேட்டுக்கொண்டே எழுவார். அத்தைக்குக் காப்பி கலக்கப் போவார். எழுந்திருக்கும்போது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். அப்பா விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடுவார். பாலத்து நெரிசலைக் கடந்து வீடு திரும்பும்போது அவருக்குப் பேசத் தெம்பு இருக்காது. அதனால் அம்மாவின் வலிக்கு நான்தான் பேச்சாளர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்துகளின் பெயர்கள், எந்த நேரத்தில் வலி கூடுகிறது, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று நான் கற்பனை செய்து வைத்திருந்ததில் ஒன்றுகூடச் சரியாக இல்லை. உயரமாக, மெதுவாகப் பேசுகிறவராக எதிர்பார்த்தேன். குள்ளமாக, காதுவரை வெட்டிய நரை முடியும் ஓடுவதற்கான சப்பாத்துமாக, கணினியைப் பார்த்தபடி முறுக்கு தின்றுகொண்டிருந்தீர்கள்.

"பத்துக்கு எத்தனை?" என்று கேட்டீர்கள். வலிக்கு மார்க் போடச் சொல்லி எல்லா வலி டாக்டர்களும் கேட்பது அதுதான்.

"பரவால்ல டாக்டர்," என்றார் அம்மா.

"பரவால்ல நம்பர் இல்ல. பத்துக்கு எத்தனை?"

"இருக்கு டாக்டர். சமாளிச்சுக்கலாம்."

நான் முந்திக்கொண்டேன். "எட்டு, டாக்டர். காலைல ஆறு இருக்கும். சாயங்காலம் ஒன்பதுகூட..."

நீங்கள் முதன்முறையாகத் திரும்பினீர்கள். "உன் கால்லயா வலி?"

"இல்ல டாக்டர்."

"அப்ப உன்னக் கேக்கல."

எனக்குக் காது சுட்டது. நீங்கள் அம்மாவிடம் திரும்பி, "சமாளிக்கிறதுன்னா வீட்டுலயே சமாளிக்கலாமே. மாசாய்ல இருந்து பஸ் ஏறி எதுக்கு வந்தீங்க? வெளில நெறைய பேர் காத்திருக்காங்க," என்றீர்கள்.

அம்மா கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன்.

"உங்களுக்கு என்ன டாக்டர் தெரியும்? சீல் பண்ற மெஷின்ல உங்க கை பட்டிருக்கா? பட்டா டக்குனு எடுத்துருவீங்க. எனக்கு எடுக்க முடியல. கணுக்கால்ல இருந்து தொடை வரைக்கும் பட்டுக்கிட்டே இருக்கு. பகலு ராத்திரி பட்டுக்கிட்டே இருக்கு. எடுக்கவே முடியல."

நீங்கள் முறுக்கை டப்பாவில் திரும்பப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அம்மா சொன்னதை அப்படியே தட்டச்சு செய்தீர்கள். "இதான் எனக்கு வேணும். இவ்ளோ நாளா ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல. பத்துக்கு எத்தனைன்னுதான் கேட்டாங்க."

"நானும் அதத்தான் கேட்டேன்," என்று சொல்லிச் சிரித்தீர்கள். அம்மாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உங்களை எனக்குப் பிடிக்கவில்லை, டாக்டர். வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அம்மாவிடம் அதைச் சொன்னேன். "எனக்குப் பிடிச்சிருக்கு," என்றார் அம்மா, சன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "என் மேல கோவப்பட்டாங்க பாத்தியா? நம்பாதவங்க கோவப்பட மாட்டாங்க."

அதன்பின் பல மாதங்கள் மாத்திரைகளை மாற்றிப் பார்த்தீர்கள், உடற்பயிற்சிக்கு அனுப்பினீர்கள். கடைசியில்தான் அந்தக் கருவியைப் பற்றிச் சொன்னீர்கள். "அடிபட்ட நரம்பு, காயம் ஆறின பிறகும் காயம் காயம்னு மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு. முதுகெலும்புக்குள்ள, தண்டுவடத்துக்குப் பக்கத்துல மெல்லிசா ஒரு வயர் வச்சு லேசா கரண்ட் விடுவேன். அந்தச் சேதி மேல போறது குறையும். நின்னுரும்னு சொல்லல. குறையும். பாதி குறைஞ்சா நாம ஜெயிச்ச மாதிரி."

"கரண்டா?" என்று அம்மா கேட்டார்.

"லைட் போடுற கரண்ட் இல்ல. ஊசி வழியா வயரை விட்டு, பேட்டரிய வெளிய இடுப்புல ஒட்டி, முதல்ல ஒரு வாரம் சோதிச்சுப் பாப்போம். சரியா வந்தா பேட்டரிய உள்ள வைப்பேன். வரலன்னா உருவிப் போட்டுடலாம். ஆனா ஒன்னு. இந்த ஆஸ்பத்திரிக்கு இந்தக் கருவி கொஞ்சம்தான் கிடைக்கும். சோதனைல தேறினவங்களுக்குத்தான் குடுப்பாங்க. தேறலன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

அந்த ஒரு வாரத்துக்கு என்னென்ன செய்யக்கூடாது என்று நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. குனியக்கூடாது. திரும்பக்கூடாது. பாரம் தூக்கக்கூடாது. துணி காயப்போடக் கையை உயர்த்தக்கூடாது. சட்டி கழுவக்கூடாது. வயர் இன்னும் சதையோடு ஒட்டியிருக்காது, லேசாக இழுபட்டாலும் நகர்ந்துவிடும் என்றீர்கள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

சோதனை வயர் வைத்த இரண்டாம் நாளே வீட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. அம்மா எழுந்திருக்கும்போது மேசையைப் பிடிக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். மறுநாள் படிக்கட்டில் கீழே இறங்கி, கடைவரை நடந்து, கீரை வாங்கி வந்தார். ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நான் கீரை ஆய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பேச்சைக் கேட்டு, கீரை ஆயக்கூட அவர் குனியவில்லை.

அந்த வாரத்தின் நடுவில் பங்குனி உத்திரம் வந்தது.

நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது அம்மா மஞ்சள் சேலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தலைமுடி ஈரமாக ஒட்டிக்கிடந்தது. வலது கையால் விலாவை அழுத்திப் பிடித்திருந்தார்.

"கால்ல கரண்ட் ஊர்றது நின்னு போச்சும்மா," என்றார். "இப்ப விலாவுல குத்துது."

கிராப் வாடகைக் கார் பிடித்து உங்களிடம் வந்தோம். நீங்கள் படம் எடுத்துப் பார்த்து, மலாயில் 'ஐயோ' என்பதுபோல், "அலமாக்," என்று மட்டும் சொன்னீர்கள். வயர் நகர்ந்திருந்தது. பிறகு அம்மாவின் முதுகிலிருந்த கட்டைப் பிரித்தீர்கள். பிரித்தவுடன் உங்கள் கை நின்றது. எனக்கும் அந்த வாசம் வந்தது.

"இது என்ன வாசம்? பாலா?"

அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"குடம் எடுத்தீங்களா?"

"ஆமா டாக்டர்."

"தூக்கக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க. சட்டி தூக்கல, துணி போடல, ஒரு வேலையும் செய்யல டாக்டர். பிள்ளையக் கேளுங்க. இது வேலை இல்லியே. சாமிக்கு. கால் வலி குறைஞ்சா இந்த உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டியிருந்தேன். குறைஞ்சிருச்சு." சற்று நிறுத்தி, "பாரமே தெரியல டாக்டர்," என்றார்.

நீங்கள் கத்துவீர்கள் என்று காத்திருந்தேன். சக்கரம் வைத்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உங்கள் சப்பாத்து நுனியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "நாலு மொழில சொல்றேன். சட்டி தூக்காதீங்க, சாமான் தூக்காதீங்க, பேரப்பிள்ளையத் தூக்காதீங்க. இதச் சொல்லணும்னு தோணவே இல்ல பாருங்க. எங்க வீட்டுலயும் எங்கம்மா காவடி எடுத்தவங்கதான். நானெல்லாம் என்ன தமிழச்சி?"

அன்றே வயரை உருவி எடுத்தீர்கள். இழுக்கும்போது அம்மா வலியில் முகம் சுளிக்கவில்லை. உருவி முடித்து நீங்கள் அதைத் தட்டில் வைத்ததும்தான் அழுதார். அந்த மெல்லிய கம்பியைப் பார்த்துக்கொண்டே அழுதார்.

அன்றிரவே கால் மறுபடி சுட ஆரம்பித்தது. மறுநாள் அத்தை வந்தார். "பாத்தியா? மெஷினும் ஒத்துக்கல. வலி இருந்தாத்தானே மெஷின் புடிக்கும்?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அன்று அம்மா காப்பி கலக்க எழவில்லை. அத்தை காத்திருந்துவிட்டுப் போனார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் யாரிடம் வேண்டுமானாலும் சத்தமாகச் சொல்வேன், டாக்டர்.

கருவி யாருக்கு என்று முடிவு செய்யும் குழு, அம்மாவின் பெயரை எடுத்துவிடச் சொன்னது. சோதனை தோல்வி, நோயாளி பேச்சைக் கேட்பவர் இல்லை, அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றார்கள். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நோயாளிகளை அழைக்கும் வழக்கம் இல்லை. நீங்கள் அம்மாவை அழைத்தீர்கள். துணைக்கு நானும் வந்தேன். மலாயில் நல்லதாக ஓர் உரை எழுதி, பலமுறை படித்துப் பார்த்து, மடித்துப் பள்ளிச் சீருடையின் பையில் வைத்திருந்தேன்.

கதவுக்கு வெளியே அதை உங்களிடம் காட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தீர்கள். "நல்லா எழுதியிருக்கே," என்று சொல்லி, மறுபடி மடித்து என் பைக்குள் செருகினீர்கள். "உள்ளயே இருக்கட்டும்."

"அம்மாவுக்கு ஆபிஸ் மலாய் வராது டாக்டர். கம்பெனி மலாய்தான் வரும்."

"வலி கம்பெனிலதானே வந்துச்சு?" என்றீர்கள். அம்மாவிடம், "பயப்படாதீங்க. அழாதீங்க. அழுதா மனசுக்குப் பாக்கிற டிபார்ட்மெண்டுக்கு அனுப்பிருவாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க," என்றீர்கள். அம்மா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. நல்லவேளை.

நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் குழுவின் தலைவர், ஒரு வயதான டாக்டர், உட்கார்ந்திருந்தார். கெட்டவர் அல்ல, களைத்துப்போனவர். அம்மாவிடம் மலாயில் பொறுமையாகவே பேசினார். விதியை மீறி அம்மாவே கையைத் தூக்கினார், கருவி பலன் தரவில்லை, இன்னொருவருக்கு வாய்ப்புத் தருவதுதானே நியாயம் என்று கேட்டார். அம்மா மேசையைப் பிடிக்காமல் எழுந்து நின்றார். முடியாமல்தான் நின்றார். எடையெல்லாம் வலது காலில் இருந்தது.

"டத்தோ," என்று ஆரம்பித்தார். அவருக்கு அந்தப் பட்டம் உண்டா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. "காலாவ் மெசின் தாக் ஜாலான், மாச்சாம் மானா சாயா போலே அங்காட்?"

மெஷின் வேலை செய்யவில்லை என்றால் நான் எப்படித் தூக்கியிருக்க முடியும்? அவ்வளவுதான் அந்த வாக்கியம். தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அம்மா நிறுத்தவில்லை. அந்தக் கம்பெனி மலாயிலேயே சொல்லிக்கொண்டு போனார்: வயர் வைப்பதற்கு முன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றக்கூட என்னால் குனிய முடியாது. அன்று பால் நிறைந்த குடத்தைத் தலையில் வைத்து, வெயிலில், வெறுங்காலோடு நடந்தேன். கருவி கெட்டது என் தவறு. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கருவி பலிக்கவில்லை என்று எழுதாதீர்கள். அது பொய். நான் பேச்சைக் கேட்காதவள் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அது பலிக்கவில்லை என்று எழுதினால் போட மாட்டேன்.

அப்போது உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சிரிப்பை அடக்குகிறீர்கள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது சிரிப்பாக இருந்திருக்காது.

தலைவர் உங்களிடம் ஆங்கிலத்தில் கேட்டார், இந்த முறை இவர் கையைத் தூக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று. நீங்கள், "என்னைக் கேட்காதீர்கள். அவரைக் கேளுங்கள்," என்றீர்கள்.

அம்மாவுக்கு இரண்டாவது சோதனை கிடைத்தது. அந்த ஒரு வாரமும் அம்மா தலை வாரக்கூடக் கையை உயர்த்தவில்லை. நான்தான் வாரிவிட்டேன். பலன் முதல்முறை போலவே இருந்தது. பிறகு பேட்டரியை உள்ளே வைத்தீர்கள்.

அதற்கு அடுத்த பங்குனிக்கு அம்மா உங்களிடம் அனுமதி கேட்டபோது நீங்கள் விடவில்லை. "வயர் நல்லா ஒட்டட்டும். முருகன் இன்னும் ஒரு வருஷம் காத்திருப்பாரு. நான் பேசிக்கிறேன் அவர்கிட்ட." அன்று வெளியே காத்திருந்தபோது ஓர் ஆச்சரியத்தைக் கவனித்தேன். பக்கத்து அறையில் சோதனைக்கு வந்திருந்த ஒரு மலாய்ப் பாட்டியிடம் தொழுகையில் எப்படிக் குனிவார் என்று கேட்டு, இந்த ஒரு வாரம் நாற்காலியில் அமர்ந்து தொழலாமா என்று அவரோடு சேர்ந்து யோசித்துக்கொண்டிருந்தீர்கள். சீனத் தாத்தா ஒருவரிடம் ஊதுபத்தி பிடித்து எத்தனை தரம் வணங்குவார் என்று கேட்டீர்கள். அம்மாவின் குடம் உங்கள் கேள்விகளுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவிடம் சொன்னேன். "என் பேரு போட்டிருக்காங்களா?" என்றார் அம்மா.

பிறகு நவம்பரில் ஒருநாள் தாதி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அம்மாவின் தேதியை மாற்ற வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். "டாக்டர் தவறிட்டாங்கம்மா. மாரடைப்பு. நேத்து சாயங்காலம் வரைக்கும் கிளினிக்ல இருந்தாங்க," என்றார். நான் உடனே, "அப்படின்னா எந்தத் தேதி?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. தேதியைக் குறித்துக்கொண்ட பிறகுதான் அவர் முதலில் சொன்னது எனக்குப் புரிந்தது.

அடுத்து கிளினிக்குக்குப் போனபோது, கடவுளுக்கும் ஒரு நல்ல டாக்டர் தேவைப்பட்டிருக்கும் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. கடவுளுக்கு எங்கே வலிக்கிறது? உங்கள் அறைக்கு வெளியே எத்தனை பேர் காலையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று அவர் பார்க்கவில்லையா? உங்கள் ஆத்மா சாந்தியடையட்டும் என்று நான் எழுத மாட்டேன். நீங்கள் சும்மா இருக்கத் தெரியாதவர். எங்களோடு வாழ்கிறீர்கள் என்றும் எழுத மாட்டேன். நீங்கள் இல்லை. அது சரியில்லை. அதை நான் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை.

இப்போது ரிப்போர்ட்.

நேற்று முன்தினம் காலை, புது டாக்டரின் அனுமதியோடு, அம்மா மஞ்சள் சேலை கட்டினார். வழக்கம்போலப் பிள்ளையார் கோயிலில் குடம் நிரப்பி, மாசாய்ப் பெரிய சாலை வழியாக முருகன் கோயில்வரை நடக்க வேண்டும். நான் பக்கத்தில் நடந்தேன். கருவியைக் கூட்டிக் குறைக்கும் ரிமோட் என் இடுப்புப் பையில் இருந்தது. அத்தையும் வந்திருந்தார், விசிறியோடு.

புறப்படும் இடத்தில் கோயில் கமிட்டி ஆள் ஒருவர் அம்மாவை நிறுத்தினார். உடம்புக்குள் மெஷின் இருப்பதை யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அத்தை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேட்டரி வச்ச உடம்பும்மா. வெயில்ல ஏதாச்சும் ஆச்சுன்னா கோயிலுக்குத்தான் கெட்ட பேரு. சும்மா கும்பிட்டுட்டுப் போங்களேன்."

"டாக்டர் சொல்லிட்டாங்க, எடுக்கலாம்னு," என்றார் அம்மா.

"எந்த டாக்டர்?"

அம்மா புது டாக்டரின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அனுமதி தந்தவர் அவர்தான். அம்மா உங்கள் பெயரைச் சொன்னார்.

"ஐயோ, அவங்க தவறிட்டாங்களே. இனிமே யாரப் போய்க் கேக்கிறது?"

"என்னக் கேளுங்க," என்றார் அம்மா.

அவர் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அவருக்குப் புரியும்படி அழகாக விளக்கியிருப்பேன், தண்டுவடத்திலிருந்து ஆரம்பித்து. பேசவில்லை. அம்மாவைத்தானே கேட்க வேண்டும். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

குடத்தை இரண்டு பேர் தூக்கித் தலையில் வைத்தார்கள். அம்மாவின் கைகள் முதலில் தோள்வரைதான் போயின. பிறகு காதுவரை. பிறகு காதைத் தாண்டி, முழங்கைகள் விரிந்து, குடத்தின் கழுத்தை இரண்டு பக்கமும் பிடித்தன. கை அவ்வளவு உயரம் போனது, டாக்டர். நான் அம்மாவின் விலாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே கை வைக்கவில்லை.

சாலையில் தார் சுட்டது. மோட்டார் சைக்கிள்கள் ஓரமாக மெதுவாகப் போயின. டயர் கடைக்கு எதிரே அம்மாவின் இடது கால் லேசாக இழுபட ஆரம்பித்தது. என் விரல் ரிமோட்டின் மேல் போனது. வலிக்குதா, நிக்கலாமா, கூட்டவா என்று கேள்விகள் எல்லாம் வாய்க்கு வந்துவிட்டன. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு நடந்தேன். சிக்னலைத் தாண்டியதும், தலையைத் திருப்பாமல் அம்மா சொன்னார்: "ஒன்னு கூட்டு."

ஒன்று கூட்டினேன். கோயில் வாசல்வரை எங்கேயும் நிற்கவில்லை. பால் சிந்தியது உண்மை. அம்மாவின் முதுகெல்லாம் நனைந்தது. இந்த முறை அங்கே கட்டு இல்லை, ஆறிப்போன கோடு மட்டும்தான் இருந்தது.

அபிஷேகம் முடிந்து நிழலில் உட்கார்ந்தபோது அத்தை அம்மாவுக்கு விசிறிவிட்டார். "முருகன்தான் நடக்க வச்சாரு," என்றார். "முருகனும்தான்," என்றார் அம்மா. "இன்னொருத்தவங்களும்தான். நானும்தான். விசிறியக் குடுங்க அண்ணி, நீங்களும்தான் நடந்திருக்கீங்க." அத்தை கொடுக்கவில்லை. கை வலிக்குமளவு விசிறிக்கொண்டேயிருந்தார்.

நான் அம்மாவிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்கவில்லை. "எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன். அவர் காலை நீட்டிப் பார்த்துக்கொண்டார். சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்:

"சீல் பண்ற மெஷின் இன்னும் சூடாத்தான் இருக்கு. ஆனா இப்ப கைய எடுக்க முடியுது."

சார்ஜர் மறுபடி சத்தம் கொடுத்துவிட்டது. பேட்டரி நிறைந்துவிட்டது. அம்மா பெல்ட்டை அவிழ்த்துவிட்டு, குடத்தைத் துடைத்து மேல்தட்டில் வைக்கப் போகிறார். ஸ்டூல் போட்டு நான் வைக்கிறேன் என்று எழுந்தேன். "உன்னக் கேக்கல," என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.

கை தலைக்கு மேல் போகிறது. குடம் மேல்தட்டில் உட்கார்ந்துவிட்டது. இதையும் ரிப்போர்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.